பீட் மாவட்டம் (மகாராஷ்டிரா): நிலம், நீர், மக்கள் குறித்து விவரம் தேவை

கேள்வி: கடன்பிரிவு அலுவலர்

அனைவருக்கும் வணக்கம். ஊரகக் கடன் தொடர்பான பணிக்காக வரும் ஜூன் முதல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில், அம்பாஜோகாய் நகரில் தங்கிப் பணியாற்றும்படி எனக்கு மாற்றல் ஆணை வந்திருக்கிறது. போவதற்கு முன் அந்த மாவட்டத்தை ஓரளவாவது புரிந்துகொள்ள விரும்பித் தேடியபோது, தமிழில் கிடைத்தவை பெரும்பாலும் பரளி வைத்தியநாதர் கோயிலுக்குச் சென்று வந்த யாத்திரைக் குறிப்புகளாகவே இருந்தன. ஆங்கிலச் செய்திகளிலோ வறட்சி, விவசாயிகள் தற்கொலை, அரசியல் மோதல் ஆகிய மூன்றைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. வரைபடத்தில் பார்த்தால் மாவட்டத்தின் வட எல்லை முழுவதும் கோதாவரி ஓடுகிறது. தெற்கே மாஞ்சரா ஆறும் அதன்மேல் ஓர் அணையும், நடுவே மாஜல்காவ் நீர்த்தேக்கமும் இருக்கின்றன. இத்தனை நீர்நிலைகள் இருந்தும் இது ஏன் மாநிலத்தின் மிக வறண்ட மாவட்டங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது? அடுத்தது மக்களைப் பற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 25,85,049 பேர் வாழும் இம்மாவட்டத்தில் ஐவரில் நால்வர் கிராமங்களில் இருக்கிறார்கள். பெரிய தொழிற்சாலைகள் எவையும் இருப்பதாகத் தெரியவில்லை. அப்படியானால் அவர்கள் எதைக்கொண்டு பிழைக்கிறார்கள், அவர்கள் யார்? அங்கு வாழ்ந்தவர்களோ பணியாற்றியவர்களோ விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: நிலத்தடிநீர்

உங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்; பீட் உள்ளிட்ட மராத்வாடா வட்டாரம் முழுவதும் நிலத்தடி நீர் ஆய்வுப் பணியில் சுற்றியவன் என்ற முறையில் அதைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

பீட் மாவட்டத்தை ஒரே நிலமாக எண்ண வேண்டாம். அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்திலிருந்து தென்கிழக்காக இறங்கி வரும் பாலாகாட் மலைத்தொடர் இதைக் குறுக்கே இரண்டாகப் பிரிக்கிறது. மலைக்கு வடக்கே கோதாவரியை நோக்கிச் சரியும் தாழ்நிலம் இருக்கிறது. கேவராய், மாஜல்காவ் தாலுகாக்களும் பரளியின் வடபகுதியும் அதில் அடங்கும். அங்குள்ளவர்கள் கோதாவரியை கங்கை என்றே அழைப்பதால் அக்கரைப் பகுதிக்கு கங்காதடி என்று பெயர். அங்கே ஆழமான கரிசல் மண் உண்டு. மலைமேல் இருக்கும் ஆஷ்டி, பாட்டோதா, ஷிரூர் காசார், தாரூர், கேஜ் ஆகிய தாலுகாக்களின் பெரும்பகுதி மேட்டுநிலம். பல இடங்களில் ஒரு முழம் தோண்டினாலே சரளையும் அதன் கீழே எரிமலைப் பாறையும் வந்துவிடும். பீட் நகரிலிருந்து தெற்கே சோலாப்பூர் சாலையில் செல்லும்போது மாஞ்சர்சும்பா அருகே சாலை மலையேறுவதைக் கவனியுங்கள். ஏறுவதற்கு முன் இருபுறமும் பருத்தியாக இருக்கும். ஏறியபின் புல்லும் சீத்தா மரங்களும் கற்களுமாக மாறிவிடும்.

மழை விஷயத்துக்கு வருகிறேன். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை சஹ்யாத்ரி (மேற்குத் தொடர்ச்சி) மலையிலேயே கொட்டிவிட்டு வருவதால் இந்த மாவட்டம் முழுவதும் மழை மறைவுப் பகுதியில் கிடக்கிறது. ஆண்டுச் சராசரி 650 முதல் 700 மில்லிமீட்டருக்குள்தான். மேற்கே ஆஷ்டிப் பக்கம் போகப் போக அதுவும் குறையும். ஆனால் அளவைவிடப் பெரிய தொல்லை மழையின் ஒழுங்கின்மை. ஜூனில் விதைத்தபின் ஜூலை, ஆகஸ்டில் மூன்று நான்கு வாரம் வானம் வெளிறிக் கிடப்பதும், பயிர் காய்ந்தபிறகு செப்டம்பரில் பேய்மழை கொட்டுவதும் அங்கே வழக்கம். 2025 செப்டம்பரில் சிந்த்பணா ஆற்றங்கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்து, அறுவடைக்கு நின்ற சோயாவும் பருத்தியும் அழிந்தன. ஒரே மாவட்டம் சில ஆண்டுகள் இடைவெளியில் கால்நடைத் தீவன முகாம்களையும் வெள்ள நிவாரண முகாம்களையும் பார்த்துவிட்டது.

பாறையின் இயல்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. தக்காணத்தின் எரிமலைப் பாறையில் நீர் தங்குவது மேலே உள்ள சிதைந்த அடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே. அதன் கீழே கெட்டிப் பாறை. ஆகவேதான் அங்கே அகலமான திறந்த கிணறுகள் அதிகம். மழைக்காலம் முடிந்ததும் நிரம்பித் தளும்பும் கிணறு, பிப்ரவரியில் அடித்தரை தெரிய வற்றிவிடும். ஆழ்துளைக் கிணறு போட்டால் நீர் கிடைக்கும் என்று கடன் வாங்கி நூற்றுக்கணக்கான அடி துளைத்து, வெறும் சாம்பல்நிறப் பொடியை மட்டும் கண்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நீங்கள் கடன் பிரிவில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கிணறு, ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களைப் பார்க்கும்போது அந்த நிலம் மலைமேலா, தாழ்நிலத்திலா, அருகில் கசிவுநீர்க் குட்டை உண்டா என்று கேளுங்கள்.

இப்போது வரைபடத்தில் நீங்கள் பார்த்த ஆறுகள். மாஞ்சரா பாட்டோதா தாலுகாவின் மேட்டுநிலத்தில் பிறக்கிறது. ஆனால் கேஜ் தாலுகாவில் தனேகாவ் என்ற இடத்தில் கட்டிய அணையின் நீர் பெரிதும் லாத்தூர் நகரத்துக்கும் கீழ்ப்பகுதிகளுக்கும் போகிறது. 2016இல் அந்த அணை வறண்டபோதுதான் லாத்தூருக்கு மீரஜ் நகரிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். கோதாவரி எல்லையில் ஓடினாலும் மேட்டுநிலத்தைவிட மிகத் தாழ்வாக ஓடுகிறது. அதன் நீரை மலைமேல் ஏற்றுவது எளிதன்று. பைட்டணில் உள்ள ஜாயக்வாடி அணையின் வலதுகரைக் கால்வாய் கேவராய் வழியாக வந்து மாஜல்காவ் நீர்த்தேக்கத்தில் முடிகிறது. சிந்த்பணாவும் அதில்தான் சேர்கிறது. ஆகவே பாசனம் என்று ஒன்று இருப்பது அந்தத் தாழ்நிலத்துக்கே. மேற்கு ஓரத்தில் சீனா ஆறு பீமாவை நோக்கித் தெற்கே போய்விடுகிறது. அதாவது ஆஷ்டியில் விழும் மழையின் ஒரு பகுதி கோதாவரிக்கே வருவதில்லை, கிருஷ்ணா படுகைக்குச் செல்கிறது. ஒரு நீர்பிரிமேட்டின் முதுகில் அமர்ந்திருக்கும் மாவட்டம் பிறருக்கு ஆறுகளைப் பிறப்பித்து அனுப்புகிறது, அவ்வளவே.

பரளியில் பெரிய அனல்மின் நிலையம் இருக்கிறதே என்று யாரேனும் சொல்லக்கூடும். 2013இலும் 2015இலும் தண்ணீர் இல்லாமலேயே அதை நிறுத்த நேர்ந்தது.

மறுமொழி: மேட்டுநிலத்தான்

மேலே நண்பர் பிரித்துக் காட்டிய அந்த மலைக்கோடுதான் உங்கள் இரண்டாம் கேள்விக்கும் விடை. மேட்டுநிலத்துக் குடும்பங்கள் ஆண்டில் பாதி ஊரில் இருப்பதில்லை.

ஜூனில் கம்பு, துவரை, உளுந்து, பாசிப்பயறு, இப்போது பெருமளவில் சோயா ஆகியவற்றை விதைத்து, தசராவுக்குள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, தீபாவளியை ஒட்டிக் கரும்பு வெட்டப் புறப்படுகிறார்கள். கோலாப்பூர், சாங்லி, சாத்தாரா, புனே, சோலாப்பூர் ஆகிய மாவட்டங்களின் சர்க்கரை ஆலைகளுக்கும் கர்நாடகத்தின் வடபகுதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் லட்சக்கணக்கில் போகிறவர்களில் பீட் மாவட்டத்தாரே மிகுதி. ஆலை அரவை முடிந்து திரும்பும்போது மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். அவர்கள் வெட்டுக்குப் போயிருக்கும் மாதங்களில் பாட்டோதா, வட்வணி, தாரூர் பக்கம் உள்ள கிராமங்களுக்குப் போனால் பூட்டிய வீடுகளையும், திண்ணையில் கிழவன் கிழவியரையும், அவர்களிடம் விட்டுச் சென்ற பிள்ளைகளையும் மட்டுமே பார்ப்பீர்கள்.

இந்த வேலையின் கணக்கு முறையைக் கடன் அலுவலராகிய நீங்கள் தெரிந்துகொள்வது அவசியம். கணவனும் மனைவியும் சேர்ந்த இணைக்கு ஓர் அரிவாள் என்று கணக்கு. அதற்குப் பெயர் கோய்த்தா. ஆலையிடமோ போக்குவரத்து ஒப்பந்தக்காரரிடமோ பணம் பெறும் மேஸ்திரி, அங்கே முகாதம் என்பார்கள், பருவத்துக்கு முன்பே அந்த இணைக்கு மொத்தமாக ஒரு முன்பணம் கொடுத்துவிடுகிறார். மகள் திருமணம், மருத்துவச் செலவு, விதை, பழைய கடன் எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. பிறகு வெட்டிய கரும்பின் எடைக்கு டன் கணக்கில் கூலி எழுதி முன்பணத்தில் கழிப்பார்கள். ஆண் அடியோடு வெட்டிப் போட, பெண் சோகை கழித்துக் கட்டாகக் கட்டி, தலையில் சுமந்து பலகைமேல் ஏறி வண்டியில் அடுக்குவாள். லாரி நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து ஏற்ற வேண்டும். கொழுந்தாடையை மாட்டுத் தீவனமாக விற்றுக் கிடைக்கும் சில்லறைதான் அன்றாடச் செலவுக்கு. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். பருவ முடிவில் முன்பணம் கழியாவிட்டால் பாக்கி அடுத்த ஆண்டுக்குச் செல்லும். அடுத்த ஆண்டும் அதே மேஸ்திரியிடமே போக வேண்டும். வங்கிக் கடன் இவர்களுக்கு எட்டாமல் போனதால் மேஸ்திரி வந்தாரா, மேஸ்திரி இருப்பதால் வங்கி தேவைப்படவில்லையா என்று கேட்டால், முதலாவதே உண்மை என்பது என் கருத்து.

யார் இவர்கள் என்று கேட்டீர்கள். வஞ்சாரிகள், மராத்தாக்கள், தாண்டா எனப்படும் தனிக் குடியிருப்புகளில் வாழும் பஞ்சாராக்கள், தங்கர் எனப்படும் ஆட்டிடையர்கள், தலித் சமூகத்தினர் என அனைவரும் வெட்டுக்குப் போகிறார்கள்; மேட்டுநிலத்தில் வஞ்சாரிகள் எண்ணிக்கை அதிகம். வஞ்சாரிகளையும் பஞ்சாராக்களையும் ஒன்றெனக் கொள்ளாதீர்கள். பெயர் ஒலிப்பு நெருக்கமாக இருந்தாலும் இருவரும் வெவ்வேறு சமூகத்தார், அரசு இட ஒதுக்கீட்டிலும் வெவ்வேறு பிரிவுகளில் உள்ளவர்கள். பஞ்சாராக்கள் வீட்டில் பேசுவது கோர்மாட்டி என்ற தங்கள் மொழியை, வெளியில் மராத்தி. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சராக இருந்தபோது 2014 ஜூன் 3 அன்று விபத்தில் இறந்த கோபிநாத் முண்டே, பரளி தாலுகாவின் நாத்ரா என்ற கிராமத்து வஞ்சாரிக் குடும்பத்தில் பிறந்தவர். கரும்பு வெட்டுவோரின் கூலி உயர்வுக்காக ஆலை முதலாளிகளோடு பேரம் பேசியே அவர் தம் செல்வாக்கை வளர்த்தார். இப்போது அவர் பெயரால் ஒரு நல வாரியம் இருக்கிறது.

மறுமொழி: கங்காதடி

மேலே எழுதிய இருவருக்கும் மறுப்பாக அன்று, நிறைவாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பீட் என்றாலே வறட்சி, கரும்பு வெட்டு என்று நிறுத்திவிடுவது அம்மாவட்டத்தின் வடக்கையும் கிழக்கையும் காணாமல் விடுவதாகும். கேவராய், மாஜல்காவ் பகுதிகளில் பருத்தியும் கரும்பும் விளைகின்றன. மாவட்டத்துக்குள்ளேயே சர்க்கரை ஆலைகள் இயங்குகின்றன. வேடிக்கை என்னவென்றால், மலைமேல் உள்ளவர் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் கடந்து பிறர் வயலில் வெட்டப் போகும் அதே பயிரைத் தாழ்நிலத்து விவசாயி தன் மாவட்டத்திலேயே, கால்வாய் நீரை விழுங்கவைத்து வளர்க்கிறார். 650 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் கரும்பு வேண்டுமா என்ற வாதம் அங்கே ஒவ்வொரு கோடையிலும் எழும். முதல் மழை விழுந்ததும் அடங்கிவிடும்.

வரலாற்றையும் நீங்கள் தெரிந்துகொண்டு செல்வது நல்லது, ஏனெனில் அங்குள்ளவர்கள் தங்களை மேற்கு மகாராஷ்டிரத்தாரோடு ஒப்பிட்டுப் பேசுவதன் வேர் அதில் இருக்கிறது. இந்த மாவட்டம் 1948 செப்டம்பர் வரை ஹைதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்தது. 1956இல் பம்பாய் மாநிலத்தோடும், 1960 மே 1 முதல் மகாராஷ்டிராவோடும் சேர்ந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த புனே, சாத்தாராப் பகுதிகளுக்கு வந்த பள்ளி, கூட்டுறவு, கால்வாய் எல்லாம் இங்கே மிகத் தாமதமாக வந்தன. செப்டம்பர் 17 மராத்வாடா விடுதலை நாளாக அங்கே கொடியேற்றிக் கொண்டாடப்படுகிறது. அலுவலகத்தில் அந்நாளைச் சாதாரண நாளாக எண்ணி ஏதும் திட்டமிட்டுவிட வேண்டாம். நிஜாம் ஆட்சியின் தடம் மொழியிலும் உண்டு. மாவட்டத்தில் ஏறக்குறைய எட்டில் ஒருவர் முஸ்லிம். பீட் நகரின் பழைய பகுதியிலும் அம்பாஜோகாயிலும் தக்கனி உருது சரளமாகக் காதில் விழும். நிலப் பதிவேடுகளில் பழையவை உருதுவில் இருக்கும். பிணையத்துக்கு வரும் பரம்பரை நிலங்களில் இது உங்களுக்கு நேரிடையாகவே வந்து நிற்கும்.

அம்பாஜோகாய்க்கு நிஜாம் காலத்தில் மோமினாபாத் என்று பெயர்; குதிரைப்படை பாசறை இருந்த ஊர். ஆனால் மராத்தியர் மனத்தில் அது அதற்கும் வெகு முந்தைய ஊர். மராத்தியின் ஆதிகவி என்று பலர் போற்றும் முகுந்தராஜரின் சமாதி ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிறது. தாசோபந்தர் என்ற கவிஞர் நீண்ட துணி ஒன்றில் எழுதிவைத்த நூலும் இவ்வூருக்கு உரியது. யோகேஸ்வரி அம்மன் கோயிலுக்கு, நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கொங்கணக் கடற்கரையிலிருந்து சித்பாவனப் பிராமணர்கள் தங்கள் குலதெய்வம் என்று வருகிறார்கள். பரளி வைத்தியநாதரோடு அம்மனுக்கு நிச்சயித்த திருமணம் முகூர்த்தம் தவறி நின்றுபோனதாகவும், வந்திருந்த திருமணக் கூட்டம் கல்லாகிவிட்டதாகவும் ஊரில் கதை உண்டு. அந்தக் கற்கள் இவையே என்று ஊரருகே குடைவரையில் உள்ள யானைச் சிற்பங்களைக் காட்டுவார்கள். நாட்டின் முதல் ஊரக மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றும் இங்கே இருக்கிறது. ஹைதராபாத் விடுதலைப் போராட்டத் தலைவரான சுவாமி ராமானந்த தீர்த்தர் இவ்வூர்ப் பள்ளியில் பணியாற்றியவர் என்பதால் அவர் பெயரைக் கல்லூரிக்கு வைத்தார்கள்.

அரசியலைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது மராத்தா, வஞ்சாரி பிளவாக மட்டுமே இதைப் படிக்கிறோம். 2023 அக்டோபர் இறுதியில் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது பீட் நகரில் தீவைப்பு நடந்ததும் உண்மையே. ஆனால் இதே தொகுதி 1967இல் சாத்தாராக்காரரான கம்யூனிஸ்ட் நானா பாட்டீலை மக்களவைக்கு அனுப்பியது. கேசர்பாய் க்ஷீர்சாகர் என்ற பெண்மணியை மூன்று முறை தேர்ந்தெடுத்தது. சாதிக் கணக்கு எப்போதும் இருந்தது, ஆனால் அது ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்ததில்லை.

கேட்டவர்: கடன்பிரிவு அலுவலர்

மூவருக்கும் நன்றி. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான கடனும் என் பொறுப்பில் வருகிறது. குழுக் கூட்டங்களை எந்த மாதங்களில் வைத்தால் பயன் இருக்கும்? பெண்களின் நிலை குறித்து யாரேனும் தனியாகச் சொல்ல முடியுமா?

மறுமொழி: பொதுநலச் செவிலி

ஐயா, மராத்வாடாவில் ஊரகச் சுகாதாரத் திட்டம் ஒன்றில் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், 2011 கணக்கெடுப்பில் பீட் மாவட்டத்தின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 807 பெண்களே இருந்தார்கள். மகாராஷ்டிராவிலேயே மிகக் குறைந்த விகிதம் அது. 2001இல் 894 ஆக இருந்தது பத்தாண்டில் அப்படிச் சரிந்தது. கருவிலேயே பெண் என்று அறிந்து கலைத்ததே காரணம். அதன்பின் ஸ்கேன் நிலையங்கள்மீது கடும் நடவடிக்கை எடுத்தார்கள். வறுமையே இதற்குக் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்கேனுக்கும் கலைப்புக்கும் பணம் கொடுக்க முடிந்தவர்கள் செய்த வேலை அது.

கரும்பு வெட்டுக்குப் போகும் பெண்களின் துன்பம் வேறு வகை. வயலோரக் குடிசையில் கழிப்பறையோ குளியலறையோ கிடையாது. மாதவிலக்கிலும் கர்ப்பத்திலும் கட்டுச் சுமக்க வேண்டும். நோய்த்தொற்று வந்தால், விடுப்புக்கு அபராதம் என்பதால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். தாங்க முடியாமல் போனபின், புற்றுநோய் வந்துவிடும் என்று பயமுறுத்தும் தனியார் மருத்துவமனைகளில் கர்ப்பப்பையையே எடுத்துவிடுகிறார்கள். 2019இல் மாநில அரசு அமைத்த குழு, ஆய்வு செய்த ஏறத்தாழ 82,000 பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்ததைக் கண்டது. அவர்களில் பலர் நாற்பதைத் தொடாதவர்கள். அந்த அறுவைச் சிகிச்சைக்கான பணமும் பெரும்பாலும் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணமே. உங்களிடம் வரும் பெண் முப்பத்திரண்டு வயதிலேயே முதுகுவலி, மூட்டுவலி என்று சொன்னால் அதன் பின்னணி இதுவாக இருக்கலாம் என்று நினைவில் வையுங்கள்.

சிறுவயதுத் திருமணமும் இதோடு பிணைந்தது. தனியாளுக்கு அரைக் கோய்த்தா என்றே கணக்கு. மணமானால் இணையாகி முழு முன்பணம் கிடைக்கும். வயதுவந்த பெண்ணைத் தாத்தா பாட்டியிடம் ஆறு மாதம் விட்டுச்செல்லப் பெற்றோருக்கு அச்சம். வெட்டுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக அரசு பருவகால விடுதித் திட்டம் வைத்திருக்கிறது. அது சரியாக நடக்கும் ஊர்களில் சிறுமிகள் பள்ளியில் தங்குவதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன், நடக்காத ஊர்களில் அவர்களும் வண்டியேறிவிடுகிறார்கள்.

கூட்டங்களைப் பொறுத்தவரை, மேட்டுநில ஊர்களில் மே மாதமும் ஜூலையின் களையெடுப்புக்கு முந்தைய சில நாட்களும் ஏற்றவை. செப்டம்பரில் வைத்தால், முன்பணப் பேச்சு தொடங்கும் முன்பே குழுக் கடனை அவர்கள் கைக்குக் கொண்டுசேர்க்கலாம். அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். தவணையை மாதந்தோறும் என்று வைக்காமல், திரும்பி வந்தபின் மொத்தமாகக் கட்டும்படி வைத்த குழுக்கள் நிலைத்தன. நவம்பரில் வாராக்கடன் பட்டியலைத் தூக்கிக்கொண்டு போனால் பூட்டைத்தான் பார்ப்பீர்கள். கேவராய், மாஜல்காவ் பக்கம் இந்தக் கணக்கு பொருந்தாது; அங்கே பருத்தி எடுப்பு நவம்பர் முதல் நடப்பதால் கையில் பணம் இருக்கும் காலம் அதுதான்.

மறுமொழி: மேட்டுநிலத்தான்

செவிலி அம்மா சொன்ன செப்டம்பர் யோசனையோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பாலாகாட்டுச் சரிவுகளில் தானாக வளரும் சீத்தாப்பழம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை வருகிறது. பீட் சீத்தாப்பழத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பாட்டோதா, தாரூர், அம்பாஜோகாய் மலையோரப் பெண்கள் கூடைகளில் பறித்து விற்கிறார்கள். இரண்டு நாளில் கனிந்து அழுகிவிடும் பழம் என்பதால் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கூழெடுத்து உறையவைக்கும் சிறு அலகுகளுக்குக் குழுக்கடன் கிடைத்தால், ஓரிரு குடும்பமாவது அவ்வாண்டு வண்டியேறாமல் இருக்கக்கூடும்.

பயணம்: சிகந்தராபாத்திலிருந்து விகாராபாத், பீதர் வழியாகப் பரளி வரை ரயில் உண்டு, யாத்திரைக்குப் போகும் நம்மவர்கள் பலர் அந்த வழியில்தான் வருகிறார்கள். பரளியிலிருந்து அம்பாஜோகாய்க்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். மாவட்டத் தலைநகரான பீட் நகருக்கு 2025 செப்டம்பர் 17 அன்றுதான் முதல் ரயில் வந்தது, அதுவும் அகில்யாநகர்ப் பக்கத்திலிருந்து. பீட் நகரிலிருந்து பரளி வரையிலான பாதைப் பணி முடியும்வரை மாவட்டத்துக்குள் உங்களுக்கு மாநிலப் போக்குவரத்துக் கழகப் பேருந்தே துணை. கோடையில் வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன், குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் என்று கேளுங்கள்.